பாகூர் வயலும் டில்லி மசோதாவும்: ஆயுதச் சட்டத்தை முன்கூட்டி அறிவது பற்றி ஓர் ஆய்வு

கேள்வி

ஆயுத லைசென்சு பெற்ற ஒரு பிரஜை, தன் வீட்டில் பூட்டி வைத்திருக்கும் துப்பாக்கியைப் பற்றி நாளைக்கு என்ன சட்டம் வரப்போகிறது என்பதை இன்றைக்கே தெரிந்துகொள்ள வழி உண்டா. உண்டென்றால் அவன் தன் பார்வையைப் புதுச்சேரிச் சட்டசபையின் பக்கம் திருப்பி வைக்க வேண்டுமா, டில்லிப் பாராளுமன்றத்தின் பக்கமா, அல்லது இரண்டும் அல்லாத வேறோர் இடத்தின் பக்கமா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் விஷயம். புதுச்சேரிப் பிரதேசத்தின் உள்ளாட்சிப் பிரிவுகளான வில்லியனூர், பாகூர் ஆகிய இரு கொம்யூன்களை உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். சங்கராபரணியும் தென்பெண்ணையும் ஏரிகளும் வளர்க்கும் இந்தப் பூமியில் நெல்லும் கரும்பும் மணிலாக்கொட்டையும் விளைகின்றன. துப்பாக்கி என்பது இங்கே பெரும்பாலும் வயற்காவலுக்கும் தோப்புக் காவலுக்கும் வாங்கி வைத்த சாமானாகவோ, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் காவல் உத்தியோகம் பார்ப்பதற்கு வேண்டிய கருவியாகவோ இருந்து வந்திருக்கிறது.

இந்த விஷயத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் போலீஸ் தரப்பிலிருந்து குற்றத்தைப் பற்றி எழுதப்படுவனவும், அமெரிக்காவில் நிகழும் கொடுமைகளைக் குறித்து எழுதப்படுவனவுமாகவே இருக்கின்றன. சட்டத்துக்கு உட்பட்டு, கட்டணம் கட்டி, கையெழுத்துப் போட்டு, கேட்டபோதெல்லாம் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் காட்டித் துப்பாக்கி வைத்திருப்பவனுடைய நிலையிலிருந்து இதைப் பார்த்தவர் அரிது. இதை எழுதுகிறவன் பாகூர்ப் பகுதியில் நிலம் உடையவன். தகப்பனார் காலந்தொட்டு வீட்டில் ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கியும் அதற்குரிய லைசென்சும் உண்டு. ஆகையால் இது விலகி நின்று எழுதும் விஷயமன்று. ஆயினும் ஆராய்ச்சிக்கு உரிய நிதானத்தைக் கைவிடாமல் எழுதவே முயல்கிறேன்.

அதிகாரம் எங்கே இருக்கிறது

அமெரிக்க ஐக்கிய நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பவன் தன் மாநிலத்துச் சட்டசபை கூடும் காலத்தை அறிவான்; அங்கே பிரேரேபிக்கப்படும் மசோதாவை அதன் எண்ணைச் சொல்லியே பேசுவான்; கமிட்டி விசாரணைக்கு நேரில் சென்று சாட்சியம் கூறுவான்; மசோதா சட்டமானால் அதை நீதிமன்றத்தில் எதிர்ப்பான். ஐம்பது மாநிலங்களும் துப்பாக்கி விஷயத்தில் ஐம்பது விதமாகச் சட்டம் செய்துகொள்வதும், நியூயார்க் மாநிலத்தின் நூறாண்டுக்கு மேற்பட்ட லைசென்சு நிபந்தனையொன்றை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் மாதத்தில் செல்லாதென்று தீர்த்ததும் அந்த அமைப்பின் இயல்பைக் காட்டும். நம் நாட்டில் நிலைமை முற்றிலும் வேறு. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், மத்தியப் பட்டியலின் 5-ஆவது இனமாக ஆயுதங்களும் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் வெடிபொருள்களும் வைக்கப்பட்டிருக்கின்றன. யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டம், 1963, அதன் 18-ஆவது பிரிவில், புதுச்சேரிச் சட்டசபைக்கு மாநிலப் பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் உள்ள விஷயங்களில் மட்டுமே சட்டம் இயற்றும் அதிகாரத்தைத் தருகிறது. எனவே பாகூர்த் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அங்கத்தினர், தம் தொகுதி விவசாயிகள் அனைவரும் ஒருமுகமாகக் கேட்டுக்கொண்டாலும், துப்பாக்கி லைசென்சைப் பற்றி ஒரு மசோதாவைச் சபையில் கொண்டுவர இயலாது.

ஆனால் ஊரில் நிலவும் எண்ணம் இதுவன்று. லைசென்சுப் புத்தகத்தில் கலெக்டர் என்னும் ஜில்லா மாஜிஸ்திரேட்டின் முத்திரை இருக்கிறது. விசாரணைக்கு வருகிறவர் உள்ளூர் ஸ்டேஷன் அதிகாரி. புதுப்பிக்கும்போது அலைய வேண்டியது உள்ளூர் ஆபீசுகளுக்கு. ஆகவே சட்டமும் இங்கேதான் பிறக்கிறது என்று நினைப்பது இயற்கை. உண்மையில் சட்டம் செய்வது பாராளுமன்றம். விதி செய்வது மத்திய உள்துறை. கலெக்டர் அவ்விரண்டையும் இங்கே அமல் நடத்துபவர் மட்டுமே. லைசென்சு தருவதும் மறுப்பதும் நிறுத்தி வைப்பதும் ரத்துச் செய்வதும் அவர் கையில் இருப்பினும், அவை சட்டத்தின் 13, 14, 17-ஆவது பிரிவுகள் வகுத்த வரம்புக்கு உட்பட்டவை. அவற்றின்மேல் 18-ஆவது பிரிவின்படி அப்பீல் உண்டு.

சரித்திரம் சொல்வது

லிட்டன் பிரபு வைசிராயாக இருந்த காலத்தில், சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய அதே 1878-ஆம் ஆண்டில், இந்தியரின் கையையும் கட்டுவதாக ஆயுதச் சட்டம் வந்தது. ஐரோப்பியருக்கு விலக்களித்து இந்தியருக்கு லைசென்சைக் கட்டாயமாக்கிய அச்சட்டத்தை எதிர்த்து, பதுருதீன் தயாப்ஜி தலைமையில் 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மகாசபையிலேயே தீர்மானம் செய்யப்பட்டது. காங்கிரசின் ஆரம்பக் கோரிக்கைகளில் உத்தியோகத்தையும் சட்டசபைச் சீர்திருத்தத்தையும் நினைவில் வைத்திருக்கும் நாம், ஆயுதச் சட்டத்தைத் தளர்த்த வேண்டுமென்ற கோரிக்கையும் அவற்றோடு சேர்ந்து நின்றதை மறந்துவிட்டோம்.

பிரெஞ்சுப் புதுச்சேரி அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருந்தது. 1752-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பாகூரிலே பொருதிய காலம் போய், 1814-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி, இங்கே கோட்டை கட்டுவதில்லை, போலீஸ் காரியத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைப்பதில்லை என்று பிரான்சு ஒப்புக்கொண்ட காலம் அது. ஆயினும் ஆட்சி வேறு என்ற ஒரே காரணத்தால், பிரிட்டிஷ் இந்தியாவில் கிடைக்காதது இங்கே கிடைக்கக்கூடும் என்ற நிலைமை இருந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட பிறகு, பிரிட்டிஷ் போலீஸ் புதுச்சேரியை உற்றுக் கவனித்ததற்கு, வ. வே. சு. ஐயர் முதலிய தேசபக்தர்கள் இங்கே தங்கியிருந்ததோடு இதுவும் ஒரு காரணம்.

1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறிற்று; 1962 ஆகஸ்டு 16-இல் சட்டபூர்வமான மாற்றம் நிறைவேறிற்று; அதன்பின் 1963-ஆம் ஆண்டு 7-ஆவது ஒழுங்குமுறைச் சட்டத்தின் மூலம் இந்தியச் சட்டங்கள் பல ஒரே கட்டாக இப்பிரதேசத்துக்கு விரிக்கப்பட்டன. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அக்கட்டிலே வந்து, 1963 அக்டோபர் 1 முதல் இங்கே செல்லுபடியாயிற்று. இந்த முதல் வரவே, இன்றுவரை நீடிக்கும் ஒரு வழக்கத்துக்குத் தொடக்கமென்று நினைக்கிறேன்: இப்பகுதி மக்களின் துப்பாக்கியைப் பற்றிய சட்டம், இப்பகுதி மக்களால் விவாதிக்கப்படாமலே வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக் காலத்து ஆட்சியைப் புகழ்வது என் நோக்கமன்று. எனினும் அக்காலத்தில் பாரிசில் செய்த சட்டம் கவர்னரால் இங்கே பிரகடனம் செய்யப்பட்டு, இவ்வூர் அரசிதழில் பிரசுரமான பிறகே இங்குள்ளவரைக் கட்டுப்படுத்தும் என்ற ஒரு நியதி இருந்தது. இன்றோ 2015 அக்டோபர் முதல் மத்திய அரசிதழ் காகிதத்தில் அச்சாவதும் நின்று, மின்வடிவில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகிறது. பாகூர்ச் சந்தைத் தோப்பில் நிற்கும் விவசாயிக்கு அது எந்த வகையிலும் கண்ணில் படும் பிரசுரமன்று.

1959-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், அது அந்நியன் செய்த சட்டத்தின் மறுபதிப்பன்று என்பதையும் சொல்ல வேண்டும். பயிர்க் காவலுக்கென்று உண்மையாகவே கேட்பவனுக்குக் குழாய் முனை வழியாக மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும், தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவனுக்கு இருபது அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வரிப்பள்ளம் இல்லாத குழல் உடைய துப்பாக்கிக்கும் லைசென்சு கொடுக்க வேண்டும் என்று 13-ஆவது பிரிவு கூறுகிறது. நாட்டுத் துப்பாக்கி பயிர்க் காவலுக்குப் போதாத இடத்தில் மேற்சொன்ன மற்றதைத் தரலாம் என்றும் அது இடம் வைத்திருக்கிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் எவருக்கும் லைசென்சு மறுக்கலாகாது என்று 14-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு விதிக்கிறது. ஏழை விவசாயியைப் பணக்கார மிராசுதாரோடு ஒரே வரிசையில் நிறுத்தும் இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அச்சட்டத்தை இயற்றியவர்களை நான் மதிக்கிறேன்.

2019: பத்து நாள் மசோதா

பாராளுமன்றத்தின் பக்கம் பார்வையை வைத்திருந்தவனுக்கு எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்பதை அளந்தறிய 2019-ஆம் ஆண்டுத் திருத்த மசோதாவைப் போல வேறோர் உதாரணம் இல்லை. அதற்கு முன், 1983-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம். 2019 நவம்பர் 29 அன்று உள்துறை மந்திரி அமித் ஷா லோக்சபையில் கொண்டுவந்த மசோதா, அந்த மூன்றை ஒன்றாகக் குறைக்க எண்ணியது. மூதாதையர் வழி வந்த துப்பாக்கியும் அந்தக் கணக்கிலே சேரும். டிசம்பர் 9-இல் லோக்சபையும் 10-இல் ராஜ்யசபையும் நிறைவேற்றின. 13-இல் ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்தது. 14-இல் அமலுக்கு வந்தது. அறிமுகத்துக்கும் லோக்சபையின் முடிவுக்கும் இடையே கிடைத்த காலம் பத்தே நாள். மசோதா நிலைக் கமிட்டியின் பரிசீலனைக்கு அனுப்பப்படவில்லை.

இந்தப் பத்து நாளிலும் ஒரு மாறுதல் நடந்தது என்பதே கவனிக்கத் தக்கது. ஒன்று என்றிருந்த எண்ணிக்கை, ஆக்ஷேபங்களைக் கேட்ட பின் அரசின் திருத்தத்தாலேயே இரண்டாக உயர்ந்தது. துப்பாக்கி ஏராளமாக உள்ள வடமாநிலங்களில் விஷயம் உடனே பரவிற்று; பஞ்சாபின் முதலமைச்சர் எதிர்ப்புத் தெரிவித்தார்; அங்கத்தினர்கள் சபையிலே பேசினர். 2016 முடிவில் நாடு முழுதும் சுமார் 33.7 லட்சம் லைசென்சுகள் இருந்தன என்றும், அவற்றில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சத்துக்கு மேல் என்றும் உள்துறை வெளியிட்ட கணக்கை நினைத்தால், யாருடைய குரல் கேட்கப்பட்டது என்பது விளங்கும். லோக்சபையில் ஒருவரும் ராஜ்யசபையில் ஒருவருமாக இரு பிரதிநிதிகளை மட்டும் அனுப்பும் புதுச்சேரியில், சம்பா நடவு முடிந்து வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருந்த அந்தப் பத்து நாளில், இப்படி ஒரு மசோதா நடைபெறுகிறது என்று அறிந்தவர் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்?

சட்டமாக வந்ததன் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம் கலப்பானது. லைசென்சின் ஆயுள் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டது. இது கிராமத்தானுக்கு மெய்யான உபகாரம். கல்யாணத்திலும் ஊர்வலத்திலும் கொண்டாட்டத்துக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ என்று ஏற்பட்ட புதுக் குற்றப் பிரிவை எந்த நல்ல லைசென்சுதாரனும் வரவேற்பான். கள்ளத்தனமாக ஆயுதம் செய்வோருக்கும் கடத்துவோருக்கும் தண்டனை உயர்ந்தது, அதுவும் சரியே. ஆனால் கள்ளத் துப்பாக்கியை ஒழிப்பதற்கென்று காரணம் காட்டிய ஒரு மசோதா, லைசென்சுள்ள துப்பாக்கியின் எண்ணிக்கையை அதே மூச்சில் குறைத்ததற்குப் போதிய நியாயம் காட்டப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தகப்பன் துப்பாக்கியும் பெரியப்பன் துப்பாக்கியும் தன் துப்பாக்கியுமாக மூன்று சேர்ந்துவிட்ட ஒருவன், ஓராண்டுக்குள் ஒன்றை ஒப்படைத்துவிட வேண்டும். அந்த ஓராண்டோ பெருந்தொற்றால் ஆபீசுகள் அடைபட்டுக் கிடந்த 2020-ஆம் ஆண்டாக அமைந்தது.

மசோதாவுக்காவது பத்து நாள் உண்டு. விதிகளுக்கு அதுவும் நிச்சயமில்லை. 1962-ஆம் ஆண்டு விதிகளை அடியோடு மாற்றி 2016 ஜூலை 15-இல் வெளியான ஆயுத விதிகள், ஒவ்வொரு லைசென்சுக்கும் தேசியத் தரவுத் தொகுப்பில் தனி அடையாள எண், துப்பாக்கியைப் பத்திரமாக வைக்கும் பொறுப்பு, கையாளும் பயிற்சி என்று விவசாயியின் அன்றாடத்தைத் தொடும் நிபந்தனைகள் பலவற்றை விதித்தன. அத்தகைய விதிகள், செய்யப்பட்ட பிறகே பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படுகின்றன. அடையாள எண் பெறுவதற்கான கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டதே, முதலில் சொன்னபோது செய்தி ஊருக்குப் போய்ச் சேரவில்லை என்பதற்குச் சான்று.

துப்பாக்கியின் பெயரைச் சொல்லாமல் வரும் சட்டம்

இனிச் சொல்லப்போவதே இவ்வாய்வின் முக்கியமான பகுதி. ஆயுதச் சட்டத்தை மட்டும் பின்தொடர்ந்து செல்பவன், பாதி வழியைத்தான் பார்க்கிறான். பயிர்க் காவல் லைசென்சின் உயிர்நிலை வேறொரு சட்டத்தில் இருக்கிறது. அது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்.

அச்சட்டம் பிறந்தபோது, லைசென்சு பெற்றுச் சில மிருகங்களை வேட்டையாட இடமிருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த இடத்தை அடைத்தது. பயிருக்குக் கேடு செய்யும் ஜந்துக்களென்று எலி, சுண்டெலி, காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைச் சொல்லிய ஐந்தாவது அட்டவணை ஒன்று இருந்தது. 2022-இல் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. காட்டுப் பன்றி இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. நம் பக்கத்து வயல்களில் வந்து நெற்கதிரையும் மணிலாவையும் தின்னும் மயிலோ முதல் அட்டவணையில் மிக உயர்ந்த பாதுகாப்புடன் இருக்கிறது; அது தேசியப் பறவை, அதைச் சுட வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. அட்டவணை மிருகத்தைக் கொல்வது மட்டுமன்றி, விரட்டுவதும் விரட்ட முயல்வதும் வேட்டையின் வரையறைக்குள் சேர்க்கப்பட்டிருப்பதால், வெறும் வேட்டுப் போட்டுத் துரத்துவது எந்த அளவுக்குக் குற்றமற்றது என்பதும் உறுதியாகச் சொல்லக்கூடியதன்று. தலைமை வன உயிரினக் காப்பாளர், நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கு ஆபத்து என்று கண்டால், இரண்டாம் அட்டவணை மிருகத்தை வேட்டையாட 11-ஆவது பிரிவின்படி எழுத்து மூலம் அனுமதி தரலாம். விவசாயிக்குத் திறந்திருக்கும் முக்கியமான வாசல் அதுவே.

ஆகவே, ஆயுதச் சட்டத்தின் கீழ்ப் பயிர்க் காவல் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை எழுத்திலே அப்படியே நிற்க, அதைக் கொண்டு சட்டப்படி என்ன செய்யலாம் என்பது, துப்பாக்கியைக் கருதிச் செய்யப்படாத திருத்தங்களால் ஐம்பதாண்டுகளில் படிப்படியாகச் சுருங்கியிருக்கிறது. வன உயிரினத்தைக் காப்பது வேண்டியதே. அதை நான் மறுக்கவில்லை. பயிர்க் காவலைப் பொறுத்தவரை இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று நோக்கித் திருத்தப்படவில்லை என்பதும், விவசாயிக்கு ஒருவரும் அந்தச் சுருக்கத்தை எடுத்துச் சொல்லவில்லை என்பதும்தான் என் குறை.

அச்சட்டத்தின் 34-ஆவது பிரிவு இன்னும் நேரடியானது. ஓரிடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டால், அதற்குள்ளோ அதிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்ளோ வசிக்கும் லைசென்சுதாரர் ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்குள் தம் பெயரைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்துகொள்ள விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் அவருடைய முன் இசைவின்றிப் புதிய லைசென்சு எதுவும் வழங்கலாகாது. வில்லியனூர்க் கொம்யூனையும் தமிழ்நாட்டு எல்லையையும் அணைந்து கிடக்கும் ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வில்லியனூர் அந்த வட்டத்துக்குள் அடங்கிற்று. தெற்கே விலகிய பாகூர் அதற்கு வெளியே நின்றது. ஒரே கலெக்டர், ஒரே ஆயுதச் சட்டம், ஒரே விதமான வயல். இருந்தும் வில்லியனூர் விவசாயி புதிதாக லைசென்சு கேட்டால் இரண்டு அதிகாரிகளின் வாசலில் நிற்க வேண்டும், பாகூர் விவசாயிக்கு ஒன்று போதும். நீர்ப்பறவைகளைக் காப்பதற்காகச் செய்த ஓர் அறிவிப்பு, அதைப் படிப்பவர் எவருக்கும் ஆயுதச் சட்டமாகத் தோன்றாத ஓர் அறிவிப்பு, இரண்டு கொம்யூன்களுக்கு நடுவே ஒரு புதிய ஆயுத எல்லையை வரைந்துவிட்டது. தகப்பன் 2008-இல் பதிவு செய்யாமல் இறந்திருந்து, மகன் அதே துப்பாக்கியைப் பிற்காலத்தில் தன் பேருக்கு மாற்றக் கேட்டால், அதைப் புதிய லைசென்சாகக் கொள்வதா பழையதன் தொடர்ச்சியாகக் கொள்வதா என்பதற்கு அப்பிரிவின் வாசகத்தில் தெளிவான விடை இல்லை.

மாநில அளவில் மசோதாவைப் பின்தொடர வேண்டியதும் இந்த வன உயிரினச் சட்டத்தின் வாசலில்தான். 1976-ஆம் ஆண்டு 42-ஆவது திருத்தம் வன உயிரினங்களின் பாதுகாப்பைப் பொதுப் பட்டியலில் சேர்த்தது. ஆதலால் மாநிலச் சட்டசபைகள் இதில் சட்டம் செய்யலாம், மத்தியச் சட்டத்தோடு மாறுபட்டால் ஜனாதிபதியின் சம்மதம் வேண்டும். 2022-இல் கேரள அரசு, காட்டுப் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குத் தந்து, லைசென்சுள்ள துப்பாக்கிக்காரரை அதற்குப் பயன்படுத்திக்கொண்டது. 2025 அக்டோபரில் அம்மாநிலச் சட்டசபை வன உயிரினச் சட்டத்துக்கே ஒரு மாநிலத் திருத்த மசோதாவை நிறைவேற்றிற்று. தமிழ்நாடு வேறு வழியில் சென்றது: காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப் பன்றியை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது, விவசாயியின் துப்பாக்கிக்கு அதில் இடமில்லை. அடர்ந்த காடு இல்லாத புதுச்சேரியில் பன்றித் தொல்லையை அந்த மாநிலங்களோடு ஒப்பிட இயலாதுதான். ஆனாலும், ஆயுத விஷயத்தில் கையற்ற நம் சட்டசபைக்கு, பயிர்க் காவல் விஷயத்தில் கை உண்டு என்பதை இவ்விரு உதாரணங்களும் காட்டுகின்றன.

தேர்தல் காலத்து உத்தரவு

மசோதாவும் விதியும் அரசிதழும் ஒன்றும் இன்றி, ஒரே தாளில் வந்து சேர்வது தேர்தல் காலத்து உத்தரவு. தேதி அறிவிக்கப்பட்டவுடன் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கும்படி சொல்லப்படுகிறது. முடிவு வெளியான பிறகு திரும்பப் பெறலாம். 2024-இல் மார்ச் 16-இல் தேதி அறிவிக்கப்பட்டு, ஏப்ரல் 19-இல் புதுச்சேரியில் வாக்குப்பதிவு நடந்து, ஜூன் 4-இல் எண்ணிக்கை முடிந்தது. இங்கே வாக்குப்பதிவு தீர்ந்து ஆறு வாரத்துக்கு மேல் நாடு முழுவதற்குமாகத் தேர்தல் நடத்தை விதி நீடித்தது. அது நவரை அறுவடைக் காலம்.

தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல் எல்லோருடைய துப்பாக்கியையும் வாங்கி வை என்று சொல்லவில்லை என்பதைப் பலர் அறியார். பிணையில் வெளிவந்தோர், குற்றப் பின்னணி உடையோர், கலவரங்களில், அதிலும் தேர்தல் காலக் கலவரங்களில் சம்பந்தப்பட்டோர் ஆகியோரின் லைசென்சுகளைத் தனித்தனியே ஆராய்ந்து முடிவு செய்யவே அது கூறுகிறது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2009-இலும், அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சிலும் இதையே வலியுறுத்தின: பொத்தாம்பொதுவாக எல்லோரையும் ஒப்படைக்கச் சொல்லலாகாது, ஆராயும் குழு ஆளுக்கு ஆள் காரணம் காண வேண்டும். தன்மீது ஒரு வழக்கும் இல்லாத வயது முதிர்ந்த விவசாயி, தன் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு போய் வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்துகிறது. அமைதியான தேர்தல் வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. தன்னைச் சந்தேகிக்கக் காரணம் என்ன என்று கேட்கும் உரிமை தனக்கு உண்டென்பதே அவனுக்குத் தெரியாது.

மாறுபட்ட அபிப்பிராயங்கள்

லைசென்சு என்பது அரசு தரும் சலுகை, உரிமையன்று. சலுகையை மாற்றும்போது சலுகை பெற்றவனைக் கலந்துகொள்ள வேண்டியதில்லை என்பது ஒரு கட்சி. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1985-இல் இக்கருத்தையே கொண்டது. 1993-இல் அதே நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, ஆயுதம் வைத்திருப்பது 21-ஆவது ஷரத்து தரும் உயிருரிமையின் பாற்பட்டது என்றுகூடச் சொல்லிற்று. அந்தக் கருத்து நிலைக்கவில்லை. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அமெரிக்கச் சாசனத்தைப் போலன்றி நம் சாசனம் ஆயுதம் தாங்கும் அடிப்படை உரிமை எதையும் தரவில்லை என்று தெளிவாகக் கூறி, லைசென்சற்ற ஆயுதங்களின் பெருக்கத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஆயுதம் தாங்குவது உரிமையன்று என்ற தீர்ப்புகள் சரியென்றே நான் கருதுகிறேன். அமெரிக்காவின் வழி நமக்கு வேண்டாம். பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்படும் நாட்டினிடம் இவ்விஷயத்தில் கற்றுக்கொள்ள நமக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது, தன்னைப் பாதிக்கும் மசோதாவைச் சாதாரண மனிதன் அது சட்டமாவதற்கு முன்பே படித்துவிடுகிறான் என்பது.

சலுகை என்று வைத்துக்கொண்டாலும், அதன் நிபந்தனை மாறப்போவதை முன்கூட்டி அறியும் பாத்தியதை அதனால் அற்றுப்போவதில்லை. ரேஷன் அட்டையும் சலுகைதான். அதன் விதி மாறுமுன் கடை வாசலில் எழுதி ஒட்டுகிறார்கள். லைசென்சோடு ஆயுதம் வைத்திருப்பவன் அறியாமையால் வரம்புக்கு மேல் துப்பாக்கி வைத்திருந்தாலோ, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அவனுக்குக் காத்திருக்கும் குறைந்தபட்சத் தண்டனை, ஓராண்டாக இருந்தது இரண்டாண்டாக உயர்ந்திருக்கிறது. தண்டனை வளர்ந்த அளவுக்கு அறிவிப்பும் வளர வேண்டும் என்பது சாமானிய நியாயம்.

ஒரு சமூகத்துக்கென்று பிரத்தியேக விலக்குக் கேட்கலாம் என்பாரும் உண்டு. குடகில் குடவர்களுக்கும் ஜம்மா என்னும் பரம்பரை நிலம் உடையவர்களுக்கும் நெடுங்காலமாக உள்ள லைசென்சு விலக்கை மத்திய அரசு 2029 அக்டோபர் வரை நீட்டித்ததையும், அதைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் ஏற்றதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். வில்லியனூருக்கும் பாகூருக்கும் அப்படிப்பட்ட பரம்பரை வழக்கம் இல்லை, கேட்பது பொருந்தாது.

செய்யத்தக்கவை

மத்திய சர்க்கார் 2014 பிப்ரவரி 5-இல் தன் இலாகாக்களுக்கு அனுப்பிய முன்-ஆலோசனைக் கொள்கை, எந்த மசோதாவின் வரைவையும் குறைந்தது முப்பது நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்கிறது. 2019-இல் மசோதா அறிமுகத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே கிடைத்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. அக்கொள்கை சட்டமன்று; மீறினால் கேட்க நீதிமன்றம் இல்லை. அதைச் சட்டமாக்கும்படி நம் இரு பிரதிநிதிகளும் கேட்கலாம். ஆயுத மசோதா எதையும் நிலைக் கமிட்டிக்கு அனுப்பக் கோரலாம். மத்தியச் சட்டங்களின் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்புக்கு 1973-ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்திருப்பதால், சட்டத்தோடு விதிகளும் தமிழில் வர வேண்டுமென்று கேட்பது புதுமையான கோரிக்கையன்று.

புதுச்சேரி நிர்வாகம் டில்லியைக் கேளாமலே செய்யக்கூடியவையும் உண்டு. ஊசுட்டேரி வட்டத்துக்குள் அடங்கும் கிராமங்களின் பெயர்ப் பட்டியலை வில்லியனூர்க் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டி வைக்கலாம்; 34-ஆவது பிரிவின் பதிவுக்கு, வாரிசாகத் துப்பாக்கி பெற்றவர்களுக்கென்று ஒரு முறையை வகுக்கலாம். தேர்தல் காலத்தில் ஆராயும் குழு, துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரியிலாவது காரணம் எழுதித் தரலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஐந்தாண்டுக்கென்று தரப்பட்ட லைசென்சுகள் இப்போது கெடு முடிந்து புதுப்பிக்க வந்துகொண்டிருக்கின்றன. அதற்காக ஆபீசுக்கு வரும் ஒவ்வொருவர் கையிலும், எத்தனை துப்பாக்கி வைக்கலாம், எந்த மிருகத்தின்மேல் எவருடைய அனுமதியின்றிச் சுடக் கூடாது, தேர்தலின்போது எவரைக் கேட்க வேண்டும் என்ற மூன்றையும் தமிழில் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.